காட்டோரம் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி

பென்னாகரத்திலிருந்து அஞ்செட்டி வரைக்கும் காட்டை ஒட்டிய ஊர்களுக்கு வன உரிமை மனு எழுதிக்கொடுக்கப் போகும்போதெல்லாம் இதே கேள்விகள்தான் வருகின்றன. டீக்கடையில் ஒருவருக்குச் சொன்ன பதிலை மறுநாள் அவருடைய மச்சானுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பார்த்த வரையில் பாதித் தகராறுக்குக் காரணம், காலடியில் இருக்கும் நிலம் எந்த வகை என்று இரண்டு தரப்புக்கும் தெளிவாகத் தெரியாததுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நம்ம பக்கம் தேசியப் பூங்கா ஏதாவது இருக்கிறதா?

இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவை ஐந்துதான்: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா. நமக்குப் பக்கத்தில் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் பன்னேர்கட்டா இருக்கிறது, அங்கிருந்துதான் ராகி முற்றும் நேரம் பார்த்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக நம்ம பக்கம் வருகின்றன.

நம்மிடம் இருப்பவை இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள். காவிரி வடக்கு 2014-இல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காவிரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலைக் காடு வரைக்கும் தொடுகின்றன. சாம்பல் நிற மலை அணில், நீர்நாய், முதலை எல்லாம் இருக்கும் காடு அது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதற்குள்ளும் ஓரத்திலும் வாழ்கிற மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காப்புக் காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இங்கேதான் குழப்பமே.

காப்புக் காடு என்பது 1882-இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட மதராஸ் வனச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுவது, இன்றைக்கும் அதுதான் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 4-ஆம் பிரிவு அறிவிக்கை என்றால் "இதைக் காப்புக் காடாக்கப் போகிறோம், உரிமை இருப்பவர்கள் வந்து சொல்லுங்கள்" என்று அர்த்தம். 16-ஆம் பிரிவு அறிவிக்கை வந்தால்தான் முடிவு. 4 வந்துவிட்டு 16 வராமலே பல வருஷம் கிடக்கும் இடங்களும் உண்டு. உங்கள் இடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

சரணாலயமும் தேசியப் பூங்காவும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. சரணாலயத்தில் ஏற்கெனவே இருக்கும் உரிமைகளைத் தொடரவிட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது, மேய்ச்சலை முறைப்படுத்தி அனுமதிக்கவும் வழி இருக்கிறது. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கே இடமில்லை. ஆக நம்ம பக்கத்தில் யாராவது வந்து "இது நேஷனல் பார்க், உள்ளே காலே வைக்கக் கூடாது" என்று சொன்னால் அது தப்பு. சரணாலயத்துக்குள் நிலமோ வீடோ உரிமையோடு வைத்திருப்பவர்கள், அவர்களை நம்பியிருக்கும் குடும்பத்தார், பொதுச் சாலையில் போகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. சுற்றிப் பார்க்க, படம் எடுக்க என்று வெளியிலிருந்து போகிறவர்கள் அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றாவது வகை, வருவாய்த் துறைக்குச் சொந்தமான புறம்போக்கு. இது காடு மாதிரியே தெரியும், ஆனால் வனத்துறைக் கணக்கில் இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி, எந்த நிலம் எந்த வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை, இதைச் செய்யாமலே பத்து வருஷம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். எங்களைக் காலி செய்யச் சொல்வார்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்கும்போதே குரல் இறங்கிவிடும்.

காட்டில் குடியிருந்து உழுது வாழ்பவர்களின் உரிமையை அங்கீகரிக்க 2006-இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்கும் பொருந்தும், தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். வன நிலம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்திலேயே இரண்டு பெயரும் இருக்கின்றன. அதன் 4-ஆம் பிரிவில் 5-ஆம் உட்பிரிவைப் படியுங்கள்: உரிமையை விசாரித்து அங்கீகரிக்கும் வேலை முடியும் வரை வனத்தில் குடியிருக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

2019 பிப்ரவரி 13-இல் உச்ச நீதிமன்றம், மனு தள்ளுபடி ஆனவர்களை வெளியேற்றச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். அந்த மாதம் 28-ஆம் தேதியே அதே நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. முதல் செய்தி ஊர் முழுக்கப் பரவியது, இரண்டாவது செய்தி பல மலை ஊர்களுக்கு வந்து சேரவே இல்லை. இன்னும் அந்தப் பயத்தில் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கெல்லாம் இந்த உரிமை? நாங்கள் பழங்குடி இல்லையே?

பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும், வாழ்வுக்குக் காட்டை நம்பியிருக்க வேண்டும். சித்தேரி, வத்தல்மலை பக்கம் மலையாளி மக்கள், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் இருளர்கள், இவர்களெல்லாம் இதில் வருவார்கள்.

பழங்குடி அல்லாதவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அதே தேதிக்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கஷ்டம்தான். எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் இந்த 75-இல்தான் தடுக்கி விழுகின்றன, இது சட்டத்தில் இருக்கும் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

கிடைக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு நான்கு ஹெக்டேர், கிட்டத்தட்ட பத்து ஏக்கர். கவனியுங்கள், பத்து ஏக்கர் தருகிறார்கள் என்று அர்த்தமில்லை. நீங்கள் உண்மையில் உழுதுகொண்டிருக்கும் அளவுதான், அது அரை ஏக்கராக இருந்தாலும் அரை ஏக்கர்தான். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் வர வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் தருவது முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் இங்கே வேலை நகர்ந்தது. அந்த எட்டு வருஷத்தில் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்கள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

எங்களிடம் பட்டா, பத்திரம் எதுவும் இல்லை. என்ன ஆதாரம் காட்டுவது?

ஒரு பாட்டி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். "என்கிட்ட ஒண்ணும் இல்ல சாமி" என்று மூன்று முறை சொன்னார். அப்புறம் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் பரண் மேல் ராகிக் குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். அதற்குள் உரச் சாக்கைக் கிழித்துச் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தால், அவருடைய வீட்டுக்காரர் ஆக்கிரமிப்பு என்று சொல்லி அபராதம் கட்டிய பி-மெமோ ரசீதுகள், வருஷவாரியாக, கரையான் அரித்த ஓரத்தோடு. "இது தண்டம் கட்டுன சீட்டு, இத வெளிய காட்டுனா புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கனு ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றார். அவர் பயந்து ஒளித்து வைத்த அந்தச் சீட்டுதான் அவரிடம் இருந்த மிக வலுவான ஆதாரம். அந்த வருஷத்தில் அந்த நிலத்தில் அவர்கள் இருந்தார்கள் என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அல்லவா அது.

ஆகவே தேடுங்கள். பி-மெமோ, அபராத ரசீது, வனத்துறை போட்ட பழைய வழக்குத் தாள், வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது. தாளே இல்லையென்றாலும் விடாதீர்கள். நிலத்தில் இருக்கும் கிணறு, கல் வரப்பு, பழைய வீட்டு அடித்தளம், மூதாதையர் சமாதி, குலசாமிக் கல் எல்லாமே விதிகளின்படி ஆதாரம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லும் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் கட்டாயப்படுத்தக் கூடாது. "செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வயல் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லித் தள்ளவும் முடியாது. அந்தப் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக மட்டுமே வரலாம்.

மனு யாரிடம் கொடுக்க வேண்டும்? ரேஞ்சர் ஆபீசிலா?

கிராம சபையிடம். ரேஞ்சரிடமும் இல்லை, தாசில்தாரிடமும் இல்லை. கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். பழங்குடியினர் மூன்றில் இரண்டு பங்கும், பெண்கள் மூன்றில் ஒரு பங்கும் அதில் இருக்க வேண்டும். அந்தக் குழு நிலத்தை நேரில் பார்த்து எழுதும், கிராம சபை தீர்மானம் போடும், அது கோட்டாட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும், கடைசியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும்.

தனிநபர் நிலத்துக்குப் படிவம் அ, ஊருக்குப் பொதுவான உரிமைகளுக்குப் படிவம் ஆ, ஊர் காலங்காலமாகப் பயன்படுத்திக் காத்து வந்த காட்டுப் பகுதிக்குப் படிவம் இ. நம்ம ஊர்களில் எல்லோரும் அ-வோடு நின்றுவிடுகிறார்கள், இ என்ற ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. ஊரே சேர்ந்து காட்டை நிர்வகிக்கும் உரிமையைத் தருவது அதுதான்.

மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்களே?

காரணம் எழுதிக் கொடுத்தார்களா? அதை முதலில் கேளுங்கள். தள்ளுபடி என்றால் காரணத்தோடு மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கிராம சபை முடிவு என்றால் கோட்ட அளவிலான குழுவுக்கு, அந்தக் குழுவின் முடிவு என்றால் மாவட்டக் குழுவுக்கு. நேராக மாவட்டக் குழுவுக்குப் போக முடியாது.

ஒரு ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட மனுக்களை ஒரே வரியில் "தகுதியில்லை" என்று எழுதித் திருப்பியிருந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியாகக் காரணம் கேட்டு, ஒப்புகைச் சீட்டோடு மறுபடி கொடுத்த பிறகுதான் நிலத்தைப் பார்க்க ஆள் வந்தார்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

காட்டுக்குள் மாடு மேய்க்கலாமா?

ஆலம்பாடி மாடு பிறந்ததே இந்தக் காவிரிக் கரைக் காட்டில்தான். பட்டி போட்டு, காட்டிலேயே வளர்ந்து, மேட்டு நிலத்தில் ஏர் இழுத்த இனம். மேய்ச்சல் போனால் அந்த இனமும் போகும். இதைக் கொட்டகையில் கட்டித் தீனி போட்டு வளர்க்கலாம் என்று சொல்பவர்கள் அந்த மாட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் என்று குறைத்தது. பிரச்சினை என்னவென்றால், அதே வருஷம் நவம்பரில் காவிரி தெற்கு அறிவிப்பு வந்ததும், அதுவரை வெறும் காப்புக் காடாக இருந்த பெரிய பரப்பு சரணாலயமாகிவிட்டது. மேய்க்கிறவர் அதே ஆள், அதே மாடு, அதே ஓடை. காட்டின் பெயர் மட்டும் மாறியது.

இதற்கு வழி படிவம் ஆ. வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே பட்டியலிட்டிருக்கிறது, ஊர் ஊராகப் போய் மேய்ப்பவர்களுக்கும் சேர்த்து. எந்த ஓடையில் தண்ணி காட்டினீர்கள், பட்டி எங்கே இருந்தது, எந்த மாதம் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் பெரியவர்களைக் கேட்டு எழுதி ஊராகச் சேர்ந்து கொடுங்கள். உரிமை எழுத்தில் வராத வரை, சரணாலயத்துக்குள் மாடு ஓட்டினால் வழக்குப் போட இடம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

புளி, கடுக்காய், தேன் எடுக்கலாமா?

உரிமை பெற்றவர்கள் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். சிறு வன மகசூல் என்ற பட்டியலில் மூங்கிலும் வரும். சந்தனம் வேறு கதை: உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்த மரமாக இருந்தாலும் நீங்களே வெட்டக் கூடாது, வனத்துறை மூலமாகத்தான் போக வேண்டும்.

எங்கள் மலைக்கு ரோடு போட வனச் சட்டம் தடையா?

கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன படத்தைப் பல தேர்தல்களில் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கழுதை ஓட்டுப் பெட்டியைத் தூக்கும், பிரசவ வலியில் இருக்கிற பெண்ணைத் தூக்காது. அவர்களைத் தொட்டில் கட்டித்தான் இறக்குகிறார்கள்.

வன நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த 1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2023-இல் அதைத் திருத்திப் பெயரையும் மாற்றினார்கள். ஆனால் "ஃபாரஸ்ட் கிளியரன்ஸ் கிடைக்கவில்லை" என்று சொல்லும் எல்லா இடத்திலும் அது உண்மைக் காரணம் இல்லை. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர் உட்பட 13 வகை வசதிகளுக்குத் தனி வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இதற்கு டெல்லி வரை கோப்பு போக வேண்டியதில்லை. உங்கள் கிராம சபை தீர்மானத்தில் "3(2)" என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "சாலை வசதி வேண்டும்" என்று எழுதிய தீர்மானம் அலமாரியிலேயே கிடக்கும்.

யானை வருகிறது, பன்றி வருகிறது. வேலிக்குக் கரண்ட் விடலாமா?

வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ நேராகக் கரண்ட் விடுவது குற்றம், எந்தச் சமாதானமும் செல்லாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் அந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. யானை வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. குறைந்தது மூன்று வருஷம் சிறை, ஏழு வரை போகலாம்.

சோலார் மின்வேலி போடலாம், ஆனால் 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி காப்புக் காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், ஏற்கெனவே போட்டதையும் பதிவு செய்ய வேண்டும்.

பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு தனி உத்தரவு போட்டது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு மேல் என்றால் வனத்துறை ஆட்கள் சுடலாம். வனத்துறை ஆட்கள்தான், நீங்கள் இல்லை. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைப்பது, நாட்டுத் துப்பாக்கி எடுப்பது எதுவும் கூடாது.

பயிர் போனால் அன்றைக்கே படம் எடுங்கள், நிலத்தைச் சுத்தம் பண்ணுவதற்கு முன்னால். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் வாங்குங்கள். ராகி அறுக்க நாலு நாள் இருக்கும்போது ஒரே ராத்திரியில் மிதித்துப் போட்ட வயலில் விடிகாலை நின்றால் படம் எடுக்கத் தோன்றாது, தெரியும். இருந்தாலும் எடுங்கள்.

ஒரு கிலோமீட்டர் மண்டலம் வந்தால் விவசாயம் செய்ய முடியாதாமே?

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு என்பதைத் தளர்த்தியது. இந்த மண்டலத்தில் உள்ளூர்க்காரர்கள் உழுவதற்கோ மாடு வளர்ப்பதற்கோ தடை கிடையாது. சுரங்கம், கல் குவாரி, கிரஷர், மாசு கக்கும் ஆலை இவற்றுக்குத்தான் தடை. பயத்தைக் கிளப்புகிறவர்கள் யார் என்று கொஞ்சம் கவனித்தால் நல்லது.

குவாரி பற்றிச் சொல்ல வேண்டும், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கிரானைட் தெரியும். 2021 நவம்பரில் தமிழக அரசு காப்புக் காட்டிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக் காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் எடுத்திருக்கவே கூடாது. வெடிச் சத்தத்துக்குத் தடம் மாறும் யானை நேராக வருவது நம்ம ராகிக் காட்டுக்குத்தான்.

வனத்துறை ஆட்கள் வீட்டைச் சோதனை போடலாமா?

வனவிலங்குக் குற்றம் பற்றி நியாயமான சந்தேகம் இருந்தால் அதிகாரம் உண்டு. ஆனால் பெண்களைச் சோதனையிடப் பெண்தான் வேண்டும், கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, ஊரையே சூறையாடினார்கள். 269 பேர் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது உயிரோடு இருந்தவர்கள் 215 பேர். அத்தனை பேருக்கும் தண்டனை. 2023-இல் அதே செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முப்பத்தோரு வருஷம் அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள். சீருடையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுகிறேன்.

இன்றைக்கே ஏதாவது செய்யணும் என்றால் எதைச் செய்வது?

அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணைப் பாருங்கள். அப்புறம் ஊரில் மூத்தவர் யாரோ அவரை ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து, பழைய கிணறு எது, கல் வரப்பு யார் போட்டது, சாமிக் கல் எந்த மரத்தடியில் இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே அவருடைய கைநாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட மறந்துவிடாதீர்கள்.